கணித நோட்புக்குக்குக் கண்ணால் படிக்கத்தக்க கோப்பு வடிவம் அமைக்கும் முறை

கணித மென்பொருளின் நோட்புக்கில் விளக்க உரையும், கட்டளைகளும், அவை தரும் விடைகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கோப்பைச் சாதாரண உரைத்திருத்தியில் திறந்தாலும் கணக்கின் போக்கு விளங்க வேண்டும் என்பதே நம் இலக்கு. பலரும் பயன்படுத்தும் ஜூபிட்டர் நோட்புக்கும், தரவை உரையாக எழுதும் ஜேசன் வடிவிலான உரைக்கோப்புதான்; ஆயினும் அதில் ஒரு வரைபடம் இடம்பெற்றால், அது பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் முறை) எழுத்துகளாகிப் பக்கம் பக்கமாக நீள்வதோடு, எதையும் திருத்தாமல் மறுபடி இயக்கினாலே கட்டளைகள் இயங்கிய வரிசையைக் குறிக்கும் இயக்க எண்கள் மாறிவிடுவதால், கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் என்ற கருவி அதையும் ஒரு மாற்றமாகவே காட்டுகிறது.

முதல் படியாக, மனிதர் எழுதியதையும் இயந்திரம் தந்ததையும் பிரித்துவிடுங்கள். ஜூலியா என்ற நிரல்மொழிக்கான புளூட்டோ நோட்புக், விடைகளைச் சேமிக்காமல் நேரடியாக ஜூலியா நிரலாகவே கோப்பை எழுதுகிறது. அது தூய்மையான வழிதான். ஆனால் மென்பொருள் இல்லாதவர் விடையைக் காண முடியாது. எனவே ஓரிரு வரி விடைகளைக் கோப்பிலேயே வைத்து, படங்களை மட்டும் துணைக்கோப்புக்கு அனுப்புவதையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டாவதாக, பகுதிகளைப் பிரிக்கும் குறியீட்டு வரியைத் தீர்மானியுங்கள்:

#% நோட்புக் 1
#% உரை
இரண்டு பின்னங்களைக் கூட்டுவோம்.
#% கணக்கு கூட்டல்
அ = 1/3 + 1/6
#% விடை கூட்டல்
1/2

தொடக்கநிலையினர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: பயனர் எழுதும் உரையிலேயே ஒரு வரி "#%" என்று தொடங்கினால் என்ன ஆகும்? ஒன்றோ பலவோ "#" குறிகளும், அவற்றை அடுத்து "%" குறியும் கொண்டு தொடங்கும் எந்த உள்ளடக்க வரிக்கும், எழுதும்போது முன்னால் ஒரு "#" சேர்த்து, படிக்கும்போது அதை நீக்கிவிட்டால் போதும். "#%" என்பது "##%" ஆகும். "##%" என்பது "###%" ஆகும். குழப்பத்துக்கு இடமே இராது. இந்த விதியை முதல் நாளே எழுதிவிட வேண்டும்; கோப்புகள் பெருகிய பிறகு சேர்ப்பது மிகக் கடினம்.

பகுதிகளுக்கு வரிசை எண் இடாமல் பெயர் சூட்டுங்கள். இல்லையெனில் நடுவில் ஒன்றைச் செருகியதும் அடுத்துள்ள எண்கள் அனைத்தும் மாறும்.

எண்களில் கூடுதல் கவனம் தேவை. 1/3 என்பதை 0.333 என்று சேமித்தால் துல்லியம் போய்விடுவதால், பின்னத்தைப் பின்னமாகவே எழுதுங்கள். 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணாயின் (கணினி தசம எண்களைச் சேமிக்கும் வழக்கமான வடிவம்) 17 பொருளுள்ள இலக்கங்கள் எழுதினால், திரும்பப் படிக்கும்போது அதே எண் கிடைக்கும்.

எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும், இரண்டு துண்டுகளாகவும் எழுத இயலும். பார்வைக்கு ஒன்றாக இருந்தும் கணினிக்கு அவை வெவ்வேறு என்பதால், பகுதிப் பெயர்களை ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

இறுதியாகச் சோதியுங்கள். உங்கள் மென்பொருள் எழுதிய கோப்பைப் படித்து, எதையும் மாற்றாமல் மீண்டும் எழுதினால், இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒத்திருக்க வேண்டும். பிறகு "அ = 1/3 + 1/6" என்பதை "அ = 1/3 + 1/4" என்று திருத்தி இயக்குங்கள்; கட்டளை வரியும், 7/12 என மாறிய விடை வரியும் மட்டுமே கிட் காட்டும் வேறுபாட்டில் தெரிய வேண்டும்.