நன்றிக் குறிப்பு சேர்த்ததும் காணாமல்போன விமானம்

பிளைட்கியர் என்ற இலவச விமான சிமுலேட்டரில் செஸ்னா 172 விமானத்தின் கருவிப் பலகையைக் கொஞ்சம் மாற்றிப் பகிர நினைத்தேன். அதற்கான ஜிபிஎல் 2 என்ற திறமூல உரிமப்படி, மாற்றிய கோப்பில் அந்த விவரமும் தேதியும் இருக்க வேண்டும். மூல ஆசிரியர்களின் பட்டியலையும் ரீட்மீ கோப்பில் இருந்தபடியே, விமானத்தை விவரிக்கும் செட் எக்ஸ்எம்எல் (-set.xml) கோப்பின் தலையில் ஒரு குறிப்பாக (கமெண்ட்) சேர்த்தேன். அவ்வளவுதான், விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் லாஞ்சரில் அதையே காணோம்.

கோப்புறையை இடம் மாற்றினேன், மறுபடி நிறுவினேன், நாட்கள்தான் போயின. குறிப்பை எடுத்தால் விமானம் வந்தது. ஆனால் அடுத்தவர் உழைப்பைப் பெயரில்லாமல் பகிர மனம் வரவில்லை.

அப்புறம் பிழைகள் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்தால், பிழை அந்தக் குறிப்பின் வரியிலேயே நிற்கிறது. பெயர்களுக்கு அடியில் அழகுக்காக வரிசையாகக் குறுங்கோடுகள் (-). எக்ஸ்எம்எல் குறிப்புக்குள் இரண்டு குறுங்கோடுகள் அடுத்தடுத்து வரக்கூடாது. வந்தால் முழுக் கோப்பும் செல்லாது. அவற்றைச் சமக்குறிகளாக மாற்றினேன், விமானம் வந்துவிட்டது. அப்பாடா! ஆசிரியர் டேகுக்குள் ஆம்பர்சண்ட் (&) குறியை அப்படியே போட்டாலும் இதே கதிதான்.