1877 செண்ட்டில் படிந்த பச்சைப் பிசுக்கு

இறகுத் தலைப்பாகை அணிந்த உருவம் பொறித்த பழைய ஒரு செண்ட் நாணயம்தான் அமெரிக்காவின் 'இந்தியன் ஹெட்' செண்ட். அந்த வரிசையில் 1877-ஐத்தான் எல்லோரும் தேடுவார்கள். அந்த வருஷம் பிலடெல்பியா நாணயச்சாலை அடித்தது 8,52,500 மட்டுமே. பல வருஷம் பணம் சேர்த்து ஒன்று வாங்கினேன். தேய்ந்ததுதான், ஆனாலும் கையில் எடுத்தபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

நான்கு வருஷம் கழித்துப் பார்த்தால், தலைப்பாகை இறகுகளுக்கு நடுவே பச்சையாகப் பிசுபிசுப்பு. நெஞ்சு பதறிவிட்டது. காரணம், போட்டு வைத்திருந்த மெத்தென்ற பிவிசி உறை. அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் சிதைந்து அமிலம் கசியும். நாணயத்தில் 95 சதவீதம் செம்பு, அந்த அமிலம் பட்டால் பச்சை பிடிக்கும்.

புளி, எலுமிச்சை, பேஸ்ட் எதையும் தொடவில்லை. செம்பின் பழைய நிறம் போனால் திரும்பாது. பிசுக்கைக் கரைக்கும் திரவமான அசிட்டோனைச் சுத்தமானதாக வாங்கினேன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் உதவாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் அரை மணி நேரம் ஊறவிட்டேன். தேய்க்கவே இல்லை. அப்புறம் புது அசிட்டோனில் இரண்டு முறை அலசி, தானாகக் காயவிட்டேன்.

பிசுக்கு போய்விட்டது. ஓர் இறகின் ஓரத்தில் மட்டும் சின்னக் குழி. அமிலம் தின்ற இடம், அது மாறாது. இப்போது என் நாணயங்கள் எல்லாம் மைலார் என்ற, அமிலம் கசியாத பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன.