ஓரங்க நாடக விழா: கணக்கை இடைவெளியிலிருந்து போடுங்கள்

ஓரங்க நாடக விழாவில் கூட்டம் கலைவது இரண்டு நாடகங்களுக்கு நடுவில்தான். திரை விழுந்த பிறகு 25 நிமிடம் உள்ளே கட்டில் இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், டீ குடிக்க வெளியே போனவர் அப்படியே பஸ் ஏறிவிடுவார். உள்ளூர் அமெச்சூர் குழுக்களை வைத்து விழா நடத்த நினைப்பவர்கள் செட் மாற்றும் இந்த நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நாடகத்தின் நீளம், செட், விளக்கு, மைக் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

நாடகத்துக்கு 35 நிமிடம், மாற்ற 15 நிமிடம் என்று வையுங்கள். 6.20-க்கு முதல் நாடகம், 7.10-க்கு இரண்டாவது, 8 மணிக்கு மூன்றாவது, 8.35-க்கு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் 8.50-க்கு நான்காவதும் போடலாம், 9.25-க்கு விளக்கு அணையும். வார நாளில் நான்கு போட்டால், நான்காவது குழு தன் சொந்தக்காரர்களுக்கு மட்டும் நடித்துக் காட்ட நேரும். பேச்சும் பொன்னாடையும் கடைசி நாளுக்கு. ஒரு பொன்னாடைக்கு அறிவிப்பு, படம் எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் போகும். பத்துப் பேருக்குப் போர்த்தினால் அரை நாடகத்தைத் தின்றுவிடும்.

தேதி விஷயத்தில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது மார்ச் 27, உலக நாடக தினம். ஆனால் அது பரீட்சைக் காலம். பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள். நடிகர்களிலேயே பாதிப் பேர் வர முடியாது. சபா அரங்கம் இல்லாத ஊரில் ஆடி மாதம் நல்ல தேர்வு. கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஒரே ஆபத்து அம்மன் கோவில் ஒலிபெருக்கி. முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் எந்தக் கோவிலில் எந்த ஞாயிறு கூழ் ஊற்றுகிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

கல்யாண மண்டப மேடை நாடகத்துக்காகக் கட்டப்பட்டதில்லை. பக்கவாட்டில் மறைவு இருக்காது, பின்னால் மணமேடை அலங்காரம் நிரந்தரமாக நிற்கும், தரை டைல்ஸ் கண்ணாடி மாதிரி மின்னும். பந்தல்காரரிடம் இரும்புக் குழாய் வாங்கிச் சட்டம் கட்டி, பின்னால் கறுப்புத் துணி விடுங்கள். மேடை அகலம் 24 அடி என்றால் துணி அகலம் 36 அடி வேண்டும். மடிப்பு விழாத துணியில் விளக்குப் பட்டால் பின்னால் நடப்பவர் நிழலாகத் தெரிவார். இரண்டு பக்கமும் 4 அடி அகலத்தில் இரண்டிரண்டு விங், அதாவது பக்க மறைப்புத் திரை. அதன்பின் முதல் வரிசையின் இரு கோடி நாற்காலிகளிலும் உட்கார்ந்து பாருங்கள். உள்ளே காத்திருக்கும் நடிகர் தெரிந்தால் விங்கைச் சற்றுத் திருப்பிக் கட்டுங்கள். டைல்ஸ் மேல் சணல் விரிப்பைப் போட்டு ஓரங்களை டேப்பால் ஒட்ட வேண்டும். இதை விட்டால் விளக்கு வெளிச்சம் தரையில் பட்டுக் கண்ணைக் கூசும், சாக்ஸ் போட்ட நடிகர் வழுக்கி விழுவார்.

செட்டைக் குழுக்களின் விருப்பத்துக்கு விட்டால் 15 நிமிடம் என்பது கனவுதான். விழாக் குழுவே பொதுப் பொருட்களை வைக்கட்டும்: நாற்காலி 4, பெஞ்சு 2, மேசை 1, கயிற்றுக் கட்டில் 1, முட்டுக் கொடுத்த கதவுச் சட்டம் 1, 6 அடிக்கு 3 அடி அளவில் 9 அங்குல உயரப் பலகை மேடை 2. குழு கொண்டுவரும் எதையும் இரண்டு பேர் சேர்ந்து தூக்க முடிய வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிற டேப் கொடுங்கள். ஒத்திகையில் நாற்காலியின் பின்கால் இரண்டுக்கு மட்டும் அடையாளம் ஒட்டினால் போதும். நான்கு காலுக்கும் ஒட்டினால் மூன்று குழுக்களின் டேப்பும் சேர்ந்து தரை ரங்கோலி ஆகிவிடும்.

விளக்கிலும் இதே ஏற்பாடுதான். மேடையை முன் மூன்று, பின் மூன்று என ஆறு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு இரண்டு விளக்கு, ஆக 12. பின்னாலிருந்து நிறம் கொடுக்க எல்இடி பார் (PAR) விளக்கு 4. இவற்றை விழா முடியும்வரை யாரும் திருப்பக்கூடாது. குழு தன் விருப்பத்துக்குத் திருப்பிக்கொள்ள 2 ஸ்பாட் மட்டும் தனியாக. முன் விளக்குக் கம்பி இல்லாத மண்டபத்தில், மேடையிலிருந்து 12 முதல் 15 அடி தள்ளி இரண்டு பக்கமும் உயரமான ஸ்டாண்டு நிறுத்தி, அடியில் மணல் மூட்டை வையுங்கள். ஸ்டாண்டு தாழ்வாக இருந்தால் நடிகரின் நிழல் பின்திரையில் ராட்சச உருவமாக விழும்.

மின்சாரக் கணக்கை எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து போட வேண்டும். 500 வாட் ஹாலஜன் 12 என்றால் 6,000 வாட். 230 வோல்ட்டில் சுமார் 26 ஆம்பியர். ஒரே 16 ஆம்பியர் பிளக்கில் இது நிற்காது. மூன்று ஃபேஸ் இருந்தால் விளக்கை இரண்டில் பிரித்து, ஒலிக் கருவிகளை மூன்றாவதில் தனியே வையுங்கள். டிம்மரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே லைனில் இருந்தால், விளக்கு மங்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று இரையும். பலரும் மறப்பது ஒப்பனை அறை. உள்ளே ஒருவர் வேட்டிக்கு இஸ்திரி போட, அது 1,000 வாட் இழுத்து, உச்சக் கட்டத்தில் மேடை இருண்டுபோகும். இஸ்திரிப் பெட்டியும் டீக்கடை கெட்டிலும் விளக்கு லைனில் இல்லை என்பதைச் சொருகிப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

தொங்கு மைக் இரண்டு, மேடை விளிம்பில் தரை மைக் மூன்று இருந்தால் 24 அடி மேடைக்குப் போதும். தரை மைக்குக்கு அடியில் ஓர் அங்குல ஸ்பாஞ்சு வைத்தால் காலடிச் சத்தம் இடியாகக் கேட்காது. ஸ்பீக்கர் பெட்டிகள் மைக் வரிசைக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் இருக்க வேண்டும். பின்னால் போனால் ஸ்பீக்கரின் சத்தத்தையே மைக் மறுபடி வாங்கி ஊளையிடும். காலர் மைக்கை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கழற்றி அடுத்த குழுவுக்கு மாட்டவே பத்து நிமிடம் ஆகும், கட்டிப்பிடிக்கும் காட்சியில் கரகரக்கும். இசையைக் குழுக்கள் இரண்டு பென் டிரைவில், 01, 02 என்று எண்ணிட்ட கோப்புகளாகத் தரட்டும். செல்போனிலிருந்து ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அது ஃபிளைட் மோடில் இருக்க வேண்டும். பிணத்தருகே அழுகிற காட்சியில் வாட்ஸ்அப் மணி ஸ்பீக்கரில் ஒலித்தால் அதற்குமேல் அந்த நாடகத்தைக் காப்பாற்ற வழியில்லை.

தொழில்நுட்ப ஒத்திகை நாடகம் நடக்கும் அன்று காலையே. குழுவுக்கு 40 நிமிடம். முழு நாடகத்தையும் நடிக்க விடாதீர்கள். விளக்கும் ஒலியும் மாறும் இடங்களை மட்டும், முந்தைய வசனம், மாற்றம், அடுத்த வசனம் என்று தாவிப் போங்கள். வரிசை முக்கியம்: மாலையில் கடைசியாக நடிக்கும் குழு காலையில் முதலில் ஒத்திகை பார்க்கட்டும், முதலில் நடிக்கும் குழு கடைசியில். அப்போதுதான் அவர்கள் செட் கலையாமல் மாலைவரை அப்படியே நிற்கும்.

இனி அந்த 15 நிமிடம். மேடை நிர்வாகி ஒருவர்தான், அந்த நேரத்தில் அவர் சொல்வதே கடைசி வார்த்தை. விழாத் தலைவர்கூட மேடை ஏறக்கூடாது. முடித்த குழு இடப்பக்கம் இறங்க, அடுத்த குழு வலப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இரண்டும் ஒரே வழியில் வந்தால் கட்டிலும் கதவும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். முதல் 5 நிமிடம் அகற்றல், அடுத்த 7 நிமிடம் அடுக்கல், 2 நிமிடம் ஸ்பாட்டும் ஒலியும் சரிபார்த்தல், கடைசி நிமிடத்தில் மணி. கைப்பொருட்களுக்கு விங்கில் ஒரு மேசை. அதன்மேல் வெள்ளைத் தாள் விரித்து, கட்டம் போட்டு, ‘கடிதம்’, ‘மூக்குக்கண்ணாடி’ என்று எழுதி, அந்தந்தக் கட்டத்தில் பொருளை வையுங்கள். வெற்றுக் கட்டம் தெரிந்தால் எது காணோம் என்று பார்த்த உடனே புரியும். தண்ணீர், அரிசி, மாவு சிந்தும் காட்சி உள்ள குழு துடைப்பமும் துணியும் கொண்டுவர வேண்டும். அதைத் துடைக்கும் நேரமும் அவர்களின் 5 நிமிடத்தில்தான். கற்பூரம், தீப்பந்தம் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், விங்கில் தீயணைப்பானும் மணல் வாளியும் இருக்க வேண்டும்.

நாடகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பக்க எண்ணிக்கையை நம்பாதீர்கள். குழுவைக் கடிகாரத்தோடு உரக்க வாசிக்கச் சொல்லி, வந்த நேரத்தோடு கால் பங்கு கூட்டுங்கள். அசைவுக்கும் சிரிப்புக்கும் அவ்வளவு போகும். 28 நிமிட வாசிப்பு மேடையில் 35 ஆகிவிடும்.

சட்ட விஷயங்கள் சில. 1954-ஆம் ஆண்டு தமிழ்நாடு நாடகச் சட்டத்தில், எழுத்துப் பிரதியைக் காட்டி முன் அனுமதி வாங்கும் முறைக்கு ஆதாரமாக இருந்த பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்தது. ஆனாலும் கூட்டம், வாகன நிறுத்தம் காரணமாகக் காவல் நிலையத்தில் ஒரு தகவல் கடிதம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, அமெச்சூர் மன்றம் கட்டணமில்லாத பார்வையாளர்முன் நாடகம் நடிப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. டிக்கெட் போட்ட நிமிடமே அந்தச் சலுகை போய்விடும். சிறுகதையை நாடகமாக மாற்றுவது வேறு விஷயம். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகாவிட்டால், படைப்பு நாட்டுடைமையும் ஆகாவிட்டால், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாசலில் வெளிப்புற ஸ்பீக்கர் கட்டினால் இரவு 10 மணிக்குள் நிறுத்திவிட வேண்டும்.

போட்டி என்றால் நடுவர் மூவர், தனித்தனியே உட்கார வேண்டும். மதிப்பெண்ணை அப்படியே கூட்டுவதில் ஒரு குழி இருக்கிறது. முதல் நடுவர் ஒரு நாடகத்துக்கு 88, இன்னொன்றுக்கு 55 போடுகிறார். மற்ற இருவரும் கையை இறுக்கி முதலாவதற்கு 71, 72 என்றும் இரண்டாவதற்கு 74, 75 என்றும் போடுகிறார்கள். கூட்டினால் 231-க்கு 204, முதல் நாடகம் ஜெயிக்கிறது. மூவரில் இருவர் இரண்டாவதைத்தான் மேலானது என்றார்கள். அதனால் ஒவ்வொரு நடுவரின் பட்டியலையும் 1, 2, 3 என்று தர வரிசையாக மாற்றி, அந்த இடங்களைக் கூட்டுங்கள். குறைந்த கூட்டுத்தொகைக்குப் பரிசு. நேரக் கணக்குக்கு இரண்டு பேர். முதல் விளக்கோ ஒலியோ வந்த நொடியில் கடிகாரம் தொடங்கும், கடைசி விளக்கு அணையும்போது நிற்கும். 35-ஐத் தாண்டினால் எவ்வளவு கழிவு என்பது விண்ணப்பத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். அன்றைக்கு முடிவு செய்தால் சண்டைதான்.

குழுக்களிடம் திருப்பித் தரும் முன்பணம் ஒன்று வாங்குங்கள். மேடையைக் காலி செய்து, அன்றைய கடைசி நாடகம்வரை இருந்து பார்த்த குழுவுக்கு அன்றிரவே கையில் கொடுத்துவிடலாம். தன் நாடகம் முடிந்ததும் ஒப்பனையோடு வேன் ஏறுகிற பழக்கம் இதனால் பெருமளவு நிற்கும், கடைசிக் குழுவுக்கும் ஓர் அவை கிடைக்கும். பரிசளிப்பு முடிந்து சாவியைக் கொடுப்பதற்கு முன் டைல்ஸில் ஒட்டிய டேப் பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். மண்டபக்காரர் பிடித்தம் செய்ய முதலில் தேடுவது அந்தக் கறையைத்தான்.