மலைநாட்டில் கட்டெறும்பு வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரையில் முதல் இடிமழை விட்ட அந்தியில் எங்கள் இஸ்தோப்பு லைட்டைச் சுற்றி ஈசல் வந்து கொட்டும். எறும்பு வளர்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு வருடத்தில் அதுதான் பெரிய நாள். ராணி எறும்புகளும் இப்படியான அந்திகளில்தான் பறக்கும். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்துகொண்டு எட்டு வருடமாகக் கட்டெறும்பு வளர்க்கிறேன். இப்போதுள்ள கூட்டத்தில் இரண்டாயிரத்துக்குக் குறையாமல் எறும்புகள் இருக்கும். இதற்கு முன் மூன்று கூட்டங்களைச் சாகக் கொடுத்தேன். அந்த மூன்றும் செத்த காரணம் இப்போது எனக்குத் தெரியும். நான் படித்த குறிப்புகள் எல்லாம் காய்ந்த, சூடான அறைகளில் இருப்பவர்கள் எழுதியவை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1270 மீட்டர் உயரம், நுவரெலியா 1868 மீட்டர். ஆடி மாதத்தில் இங்கே சுவரே வியர்க்கும். அந்தக் குறிப்புகளை இங்கே அப்படியே செய்தால் எறும்பு தங்காது.

ராணியைத் தேர்வதில்

முதலில் ஈசலையும் ராணி எறும்பையும் பிரித்தறியப் பழக வேண்டும். ஈசல் கறையானின் இனம். அதற்கு நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று கிடையாது. எறும்புக்கு முன் சிறகு நீளம், பின் சிறகு குட்டை, இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கும். சிறு தலையும் ஒல்லி உடம்புமாக இருந்தால் அது ஆண் எறும்பு, சில நாட்களில் செத்துவிடும். சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் ஒதுங்க இடம் தேடி ஓடும் ராணிதான் நமக்கு வேண்டியது. அது பெரும்பாலும் ஆணோடு கூடி முடித்திருக்கும். அந்த ஒரு பறப்பில் வாங்கிய விந்தை உடம்பில் சேமித்து வைத்து, வாழ்நாள் முழுவதும் அதைக்கொண்டே முட்டையிடும்.

ராணி வேண்டும் என்று மண்வெட்டி எடுத்துப் புற்றைத் தோண்டாதீர்கள். ஆழத்தில் இருக்கும் ராணி அநேகமாகக் கிடைக்காது, கிடைத்தாலும் அடிபட்டிருக்கும். மிச்சமிருக்கும் கூட்டமும் அழியும். ஹோர்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களிலிருந்தும் காப்புக் காடுகளிலிருந்தும் எதையும் எடுக்கவே கூடாது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். இந்தத் தீவில் மட்டுமே வாழும் எறும்புகள் இருக்கின்றன. அனியூரெட்டஸ் சைமோனி என்ற எறும்பு 1893ல் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் துணைக்குடும்பத்தில் உலகம் முழுவதிலும் இன்று உயிரோடிருக்கும் ஒரே இனம் அதுதான். மற்ற உறவுகள் எல்லாம் கல்லிலும் பிசினிலும் புதைந்த எச்சங்களாகத்தான் கிடைக்கின்றன. அப்படிப்பட்ட உயிர் நம் காட்டுச் சருகுக்கடியில் நடமாடும்போது, இனம் தெரியாமல் அள்ளி வருவது பெரிய பிழை. வீட்டு லைட்டுக்கு வரும் ராணியே போதும்.

திறந்து திறந்து பார்ப்பது

ராணியை வைக்கச் சோதனைக் குழாய்தான் சிறந்த இடம். குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து இறுக்கமாகப் பஞ்சு, பிறகு ராணிக்கு இரண்டு விரல் நீள இடம், வாயிலும் பஞ்சு. அவ்வளவுதான். கட்டெறும்பு ராணிக்கு முதல் வேலைக்காரிகள் பிறக்கும்வரை சாப்பாடு தேவையில்லை. பறக்கப் பயன்பட்ட தசை இனி அதற்கு வேண்டாம். அந்தத் தசையும் உடம்பின் கொழுப்பும் கரைந்துதான் முதல் குஞ்சுகளுக்கு உணவாகின்றன. இது தெரியாமல் பலர் தேன் துளியை உள்ளே விடுகிறார்கள். தேன் புளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், ராணி அதில் ஒட்டிக்கொள்ளும்.

அதைவிட மோசம், தினமும் எடுத்துப் பார்ப்பது. ஆட்டமும் வெளிச்சமும் ராணியைப் பதறவைக்கும். பதறிய ராணி தன் முட்டைகளையே தின்றுவிடும். என் முதல் ராணிக்கு அதுதான் நடந்தது. காலையில் பன்னிரண்டு முட்டை எண்ணினேன், மாலையில் ஏழு, மறுநாள் இரண்டு. சூடான ஊர்களில் கட்டெறும்புக்கு முட்டை எறும்பாக ஆறு முதல் எட்டுக் கிழமை பிடிக்கும். எங்கள் வீட்டுக் குளிரில் மூன்று மாதத்துக்கும் மேல் ஆனது. இந்த மூன்று மாதத்தில் கை பரபரக்கத்தான் செய்யும். கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. வெசாக் கூடு கட்ட வாங்கும் சிவப்புக் கண்ணாடித் தாளில் மிச்சமிருந்தால் குழாயைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். பிறகு பார்க்கும்போது அவ்வளவாகக் கலவரப்படாது.

அவசரப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் ஒருவர் வளர்த்த கறுப்புத் தோட்ட எறும்பு ராணி 28 வருடத்துக்கு மேல் உயிரோடிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜோன் லபொக் இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கிடையே மண் நிரப்பி எறும்பு வளர்த்தார். 1874ல் அவர் பிடித்த ராணி 1888வரை இருந்தது. அத்தனை காலம் வாழக்கூடிய உயிருக்கு முதல் மூன்று மாதம் ஒரு பொழுதே இல்லை.

பெரிய கூடு, ஈரக் கூடு

பதினைந்து எறும்பு சேர்ந்ததும் எல்லோருக்கும் கூடு கட்டும் ஆசை வந்துவிடும். நானும் பழைய சாமிப் படத்தின் கண்ணாடியைக் கழற்றி, ஒரு முழ நீளத்துக்குப் பத்து அறை வைத்து பிளாஸ்டர் ஒப் பரிஸில் கூடு வார்த்தேன். பார்க்க மாளிகை மாதிரி இருந்தது. எறும்புகள் ஒரு மூலையில் குடியேறி, மற்ற அறைகளைக் குப்பைக் கிடங்காக்கின. தின்ற பூச்சியின் மிச்சமும் செத்த எறும்பும் நான் எட்ட முடியாத அறைகளில் சேர்ந்தன. ஆனி மழை தொடங்கி இரண்டாம் கிழமை, கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சணம் எழும்பியது. அது நாளுக்கொரு விரல்கடை நகர்ந்து வருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த கிழமை ராணி செத்துக் கிடந்தது.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது எறும்புக்கும் பொருந்தும். முப்பது எறும்பாகும் மட்டும் குழாயே போதும். அதன் பிறகு கட்டும் கூட்டில், எறும்புகள் நெருக்கமாக நின்றால் பாதிக்கு மேல் நிறைய வேண்டும். அந்த அளவே சரி.

பிளாஸ்டர் வார்ப்பதில் இங்கே நடக்கும் பெரிய பிழை, காயும் முன்னே குடியேற்றுவது. இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை தண்ணீர். தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி பிடிக்கும். அரை மணியில் இறுகிவிடும், ஆனால் இறுகியது வேறு, காய்ந்தது வேறு. மாசி வெயிலில் என் கூடு ஐந்து நாளில் காய்ந்தது. ஆடியில் மூன்று கிழமையாகியும் காயவில்லை. காய்ந்ததா என்று தெரிய அதைத் தூக்கிக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. சிமெந்தில் செய்ய நினைப்பவர்களும் உண்டு. புதுச் சிமெந்தின் காரம் எறும்புக்கு ஆகாது, அதை விட்டுவிடுங்கள். கண்ணாடி ஒட்டும் சிலிக்கனும் புளித்த வாசம் முழுதாகப் போகும்வரை கிடக்கட்டும்.

அடுத்தது ஈரம். கூட்டை தினமும் நனைக்கச் சொல்லும் குறிப்புகளை மலையில் மறந்துவிடுங்கள். கூட்டின் ஒரு முனையில் மட்டும் சிறு தண்ணீர்க் குழி வைத்து, கிழமைக்கு ஒரு தடவை சில துளிகள் விட்டால் போதும். ஒரு முனை ஈரம், மறு முனை காய்வு என்று இருந்தால் எறும்புகளே தமக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ளும். கூட்டுப் புழுக்களைக் காய்ந்த பக்கமும் முட்டைகளை ஈரப் பக்கமும் தூக்கி வைப்பதை நீங்களே பார்க்கலாம். கண்ணாடியில் நீர் கோர்த்து வழிந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது, காற்றுத் துளை போதவில்லை என்று பொருள்.

ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையில் கூடு செதுக்குவது சுலபம், நண்பர்கள் சிலர் செய்து பார்த்தார்கள். கட்டெறும்புக்கு அது அவல் மாதிரி. ஒரு மாதத்தில் கடித்துத் துளைத்து வெளியே வந்துவிட்டது.

உறைந்த தேங்காய் எண்ணெய்

கூட்டோடு இணைந்து, எறும்புகள் இரை தேடி நடமாடும் திறந்த பெட்டிதான் மேடைப் பெட்டி. எறும்பு வெளியே வராமலிருக்க அதன் விளிம்பில் வழுக்கும் பூச்சு ஒன்று பூச வேண்டும். வழக்கமாகச் சொல்வது முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசுவது. காய்ந்த ஊரில் அது மாதக்கணக்கில் நிற்கும். எங்கள் மூடுபனியில் நாலைந்து நாளில் ஈரத்தை உறிஞ்சி, எறும்பின் கால் பிடிக்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். சரி, எண்ணெய் பூசலாம் என்று தேங்காய் எண்ணெயை எடுத்தேன். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் என்பது தலைக்குப் பூச போத்தலை வெயிலில் வைக்கும் நம் வீடுகளுக்குப் புதிதில்லை. ஆனால் அது அன்றைக்கு எனக்கு நினைவில் வரவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளையாக உறைந்த எண்ணெய் மீது எறும்புகள் தார் ரோட்டில் போவது போல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வரிசையின் மறுமுனை குசினியில் சீனிப் போத்தலில் இருந்தது. அன்று அம்மா சொன்னது: "இருக்குற எறும்ப வெரட்டவே ஏலாம கெடக்கேன், நீ சோறு போட்டு வளக்குற!"

இப்போது நான் பூசுவது பரபின் திரவம், அதுவும் மெல்லிய படலமாக. அது இந்தக் குளிரில் உறையாது. திட்டாகப் பூசினால் எறும்புகள் அதில் மூழ்கிச் சாகும். பெட்டிக்கு இறுக்கமான மூடி, மூடியில் நெருக்கமான கம்பி வலை, பெட்டியின் கால்கள் தண்ணீர்த் தட்டில். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நிம்மதியாகத் தூங்கலாம்.

சூடு, புகை, சாப்பாடு

குளிரில் கூட்டம் வளராது என்பது உண்மை, சூடு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூட்டை ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். மலை வெயில் முகில் விலகியதும் சுள்ளென்று அடிக்கும், கண்ணாடிக்குள் சில நிமிடத்தில் எறும்பு வெந்துவிடும். அடுப்படியிலும் வேண்டாம், புகை கொன்றுவிடும். ஒரு மூலைக்கு மட்டும் இளஞ்சூடு படும்படி சிறிய சூட்டுப் பாயோ தள்ளி வைத்த குண்டு பல்போ போதும்.

நுளம்புச் சுருளைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அதில் இருப்பது பூச்சிக்கொல்லி. எறும்பும் பூச்சிதான். ஒரே அறையில் இரவு முழுக்கக் கொளுத்தினால் காலையில் கூட்டம் கவிழ்ந்து கிடக்கும். என் இரண்டாவது கூட்டம் அப்படித்தான் போனது. மூன்றாவது போனது சாப்பாட்டால். மரக்கறித் தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியைக் கொடுத்தேன். முந்திய நாள் அங்கே மருந்து அடித்திருக்கிறார்கள். எறும்புகள் அதைப் பங்கு போட்டு ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டதால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மருந்து படும் கொழுந்து மலையில், மரக்கறிப் பாத்தியில் பிடித்த பூச்சி எதையும் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே ஒரு டப்பாவில் மாப்புழு வளர்த்துக்கொள்ளலாம், தவிடும் ஒரு துண்டு கரட்டும் போதும்.

சீனித் தண்ணீர் மட்டும் கொடுத்து, ஏன் கூட்டம் பெருகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. இனிப்பு வேலைக்காரிகள் ஓடியாட. புழு வளர்வதற்கு இறைச்சி வேண்டும், அதாவது பூச்சி. வளர்ந்த எறும்பால் கெட்டியான உணவை விழுங்க முடியாது. புழுக்கள்தான் அதைத் தின்று கரைக்கும். புழு நிறைய இருக்கும் நாளில் பூச்சியைக் கூட்டுங்கள், மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள்.

கூட்டம் பெருத்த பிறகு

ஆயிரத்தைத் தாண்டியதும் தவறுகள் வேறு மாதிரி ஆகின்றன. கட்டெறும்பு பயந்தால் போர்மிக் அமிலம் பீச்சும். காற்றில்லாத பெட்டியில் நெருக்கமாக அடைத்துக் குலுக்கினால் தம் அமிலத்திலேயே தாம் செத்துவிடும். வீடு மாறும்போது, பஸ்ஸில் கொண்டுபோகும்போது இதை நினைவில் வையுங்கள்.

ராணி ஒன்றுதானே என்று வேறு கூட்டத்து எறும்புகளைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். உடம்பு வாசத்திலேயே அந்நியம் என்று கண்டுகொள்ளும், இரவுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும். மாத்தளைப் பக்கம் மாமரத்தில் இருக்கும் முசுறு மேல் ஆசைப்பட்டு ஒரு கிளையை வெட்டி வருவதும் வேண்டாம். அது பிளாஸ்டர் கூட்டில் இருக்கும் எறும்பில்லை. உயிருள்ள இலையை, தன் புழுவின் பட்டால் தைத்து வாழ்வது. ஒரே கூட்டம் பல மரங்களில் பல கூடு வைத்திருக்கும், ராணி அந்தக் கிளையில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பழைய கூடு போதாமல் போனால் எறும்புகளைத் தட்டிக் கொட்டாதீர்கள். புதுக் கூட்டை ஒரு குழாயால் பழையதோடு இணைத்துவிடுங்கள். புதியதை இருட்டாக, இளஞ்சூடாக, லேசாக ஈரமாக வையுங்கள். பழையதில் தண்ணீர் விடுவதை நிறுத்தி, மேலிருக்கும் துணியை எடுத்துவிடுங்கள். என் கூட்டம் முதல் இரண்டு நாள் ஓரிரண்டு பேரை அனுப்பி வேவு பார்த்தது. மூன்றாம் இரவு ஒரு எறும்பு இன்னொன்றை வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு குழாய்க்குள் போனது, அதன் பின்னால் கூட்டுப்புழு தூக்கியவை. ராணி கடைசியில், நாலாம் நாள் விடியற்காலையில்தான் நடந்து வந்தது.