தாழ்நிலத்தில் ரொபஸ்டா தைலமரம் வளர்க்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களில், செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்தும் தேறாமல் போன, மழை நாட்களில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் மூலைகள் பல உண்டு. அத்தகைய இடத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது யூகலிப்டஸ் ரொபஸ்டா என்னும் தைலமரம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து மாநிலங்களின் கிழக்குக் கரையோரச் சதுப்புகளும் உவர்நீர் ஏறும் முகத்துவார ஓரங்களும் அதன் தாயகம். அங்கே 20 முதல் 30 மீட்டர் உயரம் வரை வளரும். விரலால் அழுத்தினால் உள்வாங்கும் தடித்த செம்பழுப்புப் பட்டையைக் கொண்டே அதை அடையாளம் காணலாம். நீர் தேங்குவதைப் பொறுத்துக்கொள்வது வேரூன்றிய மரம்தானே தவிர, பையிலுள்ள கன்று அன்று. சதுப்பு மரமாயிற்றே என்று கன்றைச் சேற்றில் நடுபவர்கள் அதை இழக்கிறார்கள்.

வெளிநாட்டு விதையைத் தருவிக்க இறக்குமதி அனுமதி வேண்டும் என்பதால், உள்ளூர் நாற்றுப்பண்ணைகளில் முதலில் விசாரிப்பது நல்லது. விதை மிக நுண்ணியது. உமி போன்ற பழுப்புத் துகள்களோடு கலந்தே கிடைக்கும். அதை ஊறவைக்கத் தேவையில்லை. ஆற்று மணலும் மக்கிய தேங்காய் நாரும் கலந்த தட்டில் தூவி, மேலே மெல்லிய மணற்போர்வை மட்டும் இட்டு, தட்டின் அடியிலிருந்து நீர் ஏறும்படி செய்ய வேண்டும். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முளைக்கும். அப்போது தண்டின் அடி கறுத்துச் சாயும் நாற்றழுகல் தோன்றினால் நீரைக் குறைத்துக் காற்றோட்டம் தர வேண்டும். நமது புழுக்கத்தில் இதுவே பெரிய இடர்.

இரண்டு ஜோடி இலைகள் வந்ததும், தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கி, அடியில் துளையுள்ள பாலிபேக்கிற்கு மாற்றி, சில வாரங்கள் நிழல்வலையின் கீழ் வைத்துப் படிப்படியாக முழு வெயிலுக்குப் பழக்க வேண்டும். முழங்கால் உயரத்தைத் தாண்டும் வரை பையிலேயே விட்டுவிடக் கூடாது. பையின் அடியில் சுருண்ட வேர், நட்ட பின்னும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்; சில ஆண்டுகள் கழித்து அந்த மரம் ஒரு புயற்காற்றில் சாயும். நடும்போது பையைக் கிழித்து, அடிச்சுருளை பாராங் கத்தியால் ஒரே வெட்டாகச் சீவிவிடுவது அதற்கு மாற்று.

நமது மேற்குக் கரையில் அக்டோபர் மழை தொடங்கும் தருணமே நடவுக்கு ஏற்றது. நீர் நிற்கும் இடமானால், ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன் உச்சியில் நட வேண்டும்; மரத்துக்கு மரம் 3 மீட்டர் இடைவெளி போதும். ஆழமான கரிமண் (அரைகுறையாக மக்கிய தாவரங்கள் குவிந்த சதுப்பு மண்) நிலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேருக்குப் பிடிமானம் இல்லாததோடு, அங்கே கரையான் தொல்லையும் மிகுதி. முதலாண்டில் உரத்தைவிட முக்கியம் களையெடுப்பு: லாலாங் புல் கன்றை எளிதில் அமுக்கிவிடும் என்பதால், ஒரு மீட்டர் வட்டத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். நுனித்தளிர் கோணலாகிக் காய்ந்தால் போரான் என்னும் நுண்ணூட்டச் சத்தின் குறைபாட்டை ஐயுறலாம்.

வேகம் ஒன்றே நோக்கம் எனில், சபா மாநிலத்தில் வெட்டுமரத் தோட்டங்கள் நோய் தாக்கிய அக்கேசியாவுக்குப் பதிலாக நடும் யூகலிப்டஸ் பெலிட்டாவே பொருத்தம். ரொபஸ்டாவின் தனிச்சிறப்பு ஈரத்தையும் உவர்க்காற்றையும் தாங்குவதுதான். குடியிருப்பு வரிசைக்கு அருகில் எக்காரணம் கொண்டும் வைக்க வேண்டாம். கிளைகள் எளிதில் முறிபவை; மாலை இடிமழையில் அவை ஓட்டுக் கூரையின் மீது விழுந்தால் நட்டவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எல்லை வாய்க்காலின் ஓரமே அதற்குரிய இடம். வேலிக்கால் அளவுக்குப் பருத்ததும் தரையை ஒட்டிச் சாய்வாக வெட்டினால் அடிமரம் மீண்டும் துளிர்க்கும். தளிர்கள் ஆளுயரம் வந்தபின் வலுவான இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும்.