ஊருக்குப் போகும் ரிக்கெட்டும் கடனட்டைப் புள்ளிகளும்

லண்டனில் இருந்து நாலு பேர் உள்ள குடும்பம் ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போய் வருவதென்றால் முதலில் பயமுறுத்துவது ரிக்கெட் விலைதான். பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஒன்றாக வருவதால் எல்லோரும் அதே சில கிழமைகளுக்குள் பறக்கப் பார்க்கிறார்கள். கடனட்டை எடுக்கும்போது தரும் வரவேற்புப் புள்ளிகளால் இந்தச் செலவைக் குறைக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு முறை குறைத்திருக்கிறோம். ஆனால் அட்டையை எடுத்துவிட்டுப் பிறகு பயணத்தை யோசிப்பவர்களுக்குப் புள்ளி பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. பயண நாளை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பிரித்தானியாவில் இருக்கிறவர்களின் ஊர்ப் பயணத்துக்கு நான் சொல்வது ஏவியோஸ் புள்ளி. பிரிட்டிஷ் எயர்வேஸின் இந்தப் புள்ளியைக் கொடுத்து விமான இருக்கை எடுக்கலாம். பிரிட்டிஷ் எயர்வேஸ் ஹீத்ரோவில் இருந்து சென்னைக்கு நேராகப் பறக்கிறது. ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் அதே ஹீத்ரோவில் இருந்து கொழும்புக்கு நேராகப் போகிறது. 2014 மே மாதம் அது, பிரிட்டிஷ் எயர்வேஸும் இருக்கும் ஒன்வேர்ல்ட் விமானக் கூட்டணியில் சேர்ந்ததால் ஏவியோஸ் கொடுத்து அதிலும் இருக்கை எடுக்கலாம். டோகா வழியாகப் போகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. கட்டார் எயர்வேஸ் 2022 முதல் ஏவியோஸையே தன் புள்ளியாக வைத்திருக்கிறது. இரண்டு கணக்கையும் இணைத்து, புள்ளிகளை அங்கும் இங்கும் மாற்றலாம்.

புள்ளி தரும் அட்டைகளில் முக்கியமானவை இரண்டு வகை: அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் (அமெக்ஸ்) பிரிட்டிஷ் எயர்வேஸ் அட்டைகள், பார்க்லேகார்டின் ஏவியோஸ் அட்டைகள். இரண்டிலும் வருடக் கட்டணம் இல்லாத ஒன்றும் கட்டணம் உள்ள ஒன்றும் உண்டு. கட்டணம் உள்ளதில் வரவேற்புப் புள்ளி பல மடங்கு கூட. தொகை அடிக்கடி மாறும், விண்ணப்பிக்கும் அன்று பாருங்கள். மாறாத விடயம் என்னவென்றால், முதல் 3 மாதங்களுக்குள் குறிப்பிட்ட தொகையைச் செலவழித்தால்தான் அந்தப் புள்ளி வரும்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு தாளை எடுத்து, அடுத்த 3 மாதத்தில் எப்படியும் செய்யப்போகும் செலவுகளை எழுதுங்கள். சாமான் வாங்குவது, பெற்றோல், பிள்ளைகளின் சீருடை, வீட்டுக் காப்புறுதி, கவுன்சில் வரி. கார்க் காப்புறுதியை மாதம் மாதம் கட்டாமல் ஒரேயடியாகக் கட்டினால் நல்ல தொகை ஒன்று அதில் சேரும். வீட்டில் சாமத்தியவீடு, கல்யாணம் என்று ஏதாவது வருகிறதா? ஹோல் முற்பணமும் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்தாலே இலக்கை எட்டிவிடலாம். என் தங்கை மகளின் சாமத்தியவீட்டுக்கு ஹோல் காசை என் அட்டையில் கட்டிவிட்டு அவளிடம் காசாக வாங்கிக்கொண்டேன். அந்தக் காசு அன்றே வங்கிக்குப் போனது. அது முக்கியம். கையில் இருந்தால் கரைந்துவிடும்.

கணக்கில் சேராதவையும் உண்டு. அட்டையால் காசு எடுத்தால் சேராது. ஊருக்குக் காசு அனுப்பும் நிறுவனங்களுக்கு அட்டையால் கட்டினால், அதையும் காசு எடுத்தது போலக் கணக்கிட்டு அன்றிலிருந்தே வட்டி போடக்கூடும். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகையும் கழிந்துபோகும். இது எனக்கே நடந்தது. இலக்கை எட்டிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். நிறம் பிடிக்காமல் திருப்பி அனுப்பிய கதிரை ஒன்றின் காசு மூன்றாம் மாதக் கடைசியில் திரும்பி வந்தது. 40 பவுண்ஸ் குறைந்து, வரவேற்புப் புள்ளி முழுவதும் போனது. அட்டைக்காரரிடம் எவ்வளவு கேட்டும் நடக்கவில்லை. இப்போது இலக்குக்கு மேல் 200 பவுண்ஸ் கூடுதலாகவே செலவழித்து வைக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ரூட்டிங் பக்கத்துத் தமிழ்க் கடைகள் பலவற்றில் அமெக்ஸ் எடுக்க மாட்டார்கள். உங்கள் சாமான் செலவில் பாதி அங்கேதான் போகிறதென்றால், மாஸ்டர்கார்ட் ஆன பார்க்லேகார்ட் பொருத்தம். கணவன், மனைவி இருவருமே விண்ணப்பிப்பதானால் ஒரே நாளில் வேண்டாம். முதலில் ஒருவர் எடுத்து இலக்கை முடிக்கட்டும், பிறகு மற்றவரைப் பரிந்துரைக்கட்டும். அமெக்ஸில் பரிந்துரைத்தவருக்கும் புள்ளி கிடைக்கும். ஆனால் கடந்த 24 மாதத்துக்குள் அவர்களின் அட்டை வைத்திருந்தவருக்கு வரவேற்புப் புள்ளி மறுக்கப்படலாம், நிபந்தனையைப் படித்துவிட்டு அழுத்துங்கள். ஒரே முகவரியில் இருக்கும் 7 பேர் வரை தங்கள் ஏவியோஸைக் குடும்பக் கணக்கில் சேர்க்கலாம்.

சரி, புள்ளி சேர்ந்துவிட்டது. இருக்கை எப்போது கிடைக்கும்? பிரிட்டிஷ் எயர்வேஸ் புள்ளி இருக்கைகளைப் பறப்பதற்கு 355 நாளுக்கு முன் திறக்கிறது. நீண்ட தூர விமானம் ஒவ்வொன்றிலும் எக்கொனமியில் குறைந்தது 8 இருக்கை புள்ளிக்கு என்று உறுதி. 2027 ஓகஸ்ட் 1 போக வேண்டுமென்றால் 2026 ஓகஸ்ட் 11 அன்று இருக்கை திறக்கும். அதற்குள் புள்ளி கணக்கில் இருக்க அட்டையை ஏப்ரலுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். திரும்பி வரும் ஓகஸ்ட் 22க்கான இருக்கை செப்டெம்பர் 1 வரை திறக்காது. ஆகவே போகும் வழியை முதலில் எடுத்துவிட்டு, 3 கிழமை காத்திருந்து வரும் வழியை எடுக்க வேண்டும். எங்கள் பயணத்துக்கு இருக்கை திறந்த இரவு நாங்கள் குசினி மேசையில் தேத்தண்ணியோடு மடிக்கணினிக்கு முன்னால் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருந்தோம். 4 இருக்கை தெரிந்ததும் இவர் கடவுச்சீட்டு இலக்கங்களை வாசிக்க நான் தட்டினேன். காலையில் எழும்பிப் பார்த்தபோது அந்த நாளுக்கு ஒரு இருக்கையும் இல்லை.

ஸ்ரீலங்கனில் இப்படி உறுதி கிடையாது. நாள் விடயத்தில் விட்டுக்கொடுக்கக்கூடிய ஓய்வுபெற்றவர்களுக்கு அது நல்லது, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை மட்டும் நம்ப வேண்டாம். சென்னை வரை புள்ளியில் போய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பதையும் யோசியுங்கள். இண்டிகோ 2024 செப்டெம்பர் 1 அன்று சென்னை–யாழ்ப்பாணம் சேவையைத் தொடங்கியது. தனித்தனி ரிக்கெட் என்பதால் சென்னையில் பொதிகளை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு இந்திய விசா அவசியம். இடையில் ஒரு இரவு தங்குவது பாதுகாப்பு. பிரிட்டிஷ் எயர்வேஸ் புள்ளி ரிக்கெட்டில் எக்கொனமிக்கு 23 கிலோப் பெட்டி ஒன்றுதான், சின்ன விமானத்தில் இன்னும் குறையலாம். சொக்லேட்டும் உடுப்பும் என்று மாமிமாருக்குப் பெட்டி கட்டும்போது இதை மனதில் வையுங்கள்.

புள்ளி ரிக்கெட் என்றால் இலவசம் என்று நினைக்க வேண்டாம். வரிகளையும் கட்டணங்களையும் காசாகத்தான் கட்ட வேண்டும். பிரித்தானியாவை விட்டுப் புறப்படும் பயணிகள் வரி மட்டும் 2025 ஏப்ரலில் சென்னைக்கும் கொழும்புக்கும் எக்கொனமியில் 90 பவுண்ஸ் ஆனது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு எக்கொனமியில் இந்த வரி இல்லை. ஆகவே முகவர் சொல்லும் காசு விலையில் இருந்து வரி, கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் புள்ளி மிச்சப்படுத்தும் தொகை. தை, மாசியில் ரிக்கெட் மலிவாக இருக்கும்போது புள்ளியைத் தொடாமல் காசு கொடுத்தே போகலாம். ஓகஸ்டிலும் மார்கழியிலும்தான் புள்ளிக்கு மதிப்பு.

இன்னொரு நன்மை, ரத்து செய்வது சுலபம். புறப்பட 24 மணித்தியாலத்துக்கு முன் ரத்து செய்தால் ஆளுக்கு 35 பவுண்ஸ் கழித்துக்கொண்டு புள்ளியும் வரியும் திரும்பி வரும். ஊரில் வயதானவர்கள் இருக்கிற குடும்பங்களுக்குத் திகதி எந்த நேரமும் மாறலாம், அதனால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அட்டையின் மாத நிலுவையை முழுதாகக் கட்ட முடியாத நிலையில் இருக்கிறவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அட்டைகளின் வட்டி 20 வீதத்துக்கு மேல். நிலுவை வைத்துக்கொண்டே போனால் புள்ளியில் மிச்சம் பிடித்தது வட்டியில் போய்விடும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருப்பவர்களும் அது முடியும் வரை புது அட்டை எடுக்காமல் இருப்பது நல்லது.

மிஞ்சிய ஏவியோஸைப் பற்றிக் கவலை வேண்டாம். 36 மாதத்துக்குள் ஒரு புள்ளி சேர்த்தாலோ செலவழித்தாலோ காலாவதி ஆகாது. ஊரில் இறங்கியதும் அந்த அமெக்ஸ் அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வெளிநாட்டுச் செலவு ஒவ்வொன்றுக்கும் 2.99 வீதம் பிடிப்பார்கள். நகைக்கடைக்கும் ஹோட்டலுக்கும் வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத வேறு அட்டை ஒன்றைக் கொண்டு போங்கள்.