வைக்கோல் சுவர் நனையலாம், காயாமல் இருக்கக் கூடாது

வைக்கோல் கட்டுகளை அடுக்கி வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சுவரில் பிளாஸ்டிக் ஷீட் வைத்து மூடிவிடலாமா?" என்றுதான். வேண்டவே வேண்டாம். சமையல், குளியல், மூச்சு என்று வீட்டுக்குள் எழும் நீராவி எப்படியும் சுவருக்குள் புகும். ஷீட்டில் பட்டுக் குளிர்ந்து தண்ணீராகி, போக வழியில்லாமல் வைக்கோலிலேயே தங்கிவிடும். சிமெண்ட் பூச்சும் இதே கெடுதல்தான்: விரிசலில் மழை இறங்கும், இறங்கிய ஈரம் எளிதில் வெளியேறாது. களிமண் பூசுங்கள், சாரல் அடிக்கும் பக்கம் சுண்ணாம்பு. அதன்மேல் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு அடித்தாலே போதும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1928-ல் கட்டிய வைக்கோல் தேவாலயம் இன்னும் நிற்கிறது, பயப்படத் தேவையில்லை.

கட்டு வாங்கும்போதே ஈரப்பத மீட்டரின் நீள ஊசியை நடுவரை குத்திப் பாருங்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டிய கட்டைத் திருப்பி அனுப்புங்கள், வெளிப்புறம் எவ்வளவு காய்ந்து தெரிந்தாலும் சரி. கூரை போட்ட பிறகே அடுக்குங்கள்.

முதல் வரிசை வெளித்தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தொடங்கட்டும், கீழே தெறிக்கும் மழை அதைத் தொடக் கூடாது. வீட்டின் உள்தரையைவிடவும் கொஞ்சம் உயரம் வேண்டும், குழாய் உடைந்து தண்ணீர் தேங்கினால் காப்பாற்றும். கூரை இறவாணம் சுவரைத் தாண்டி 60 செ.மீ.யாவது நீளட்டும்.

அப்புறம் ஜன்னல். நான் பார்த்த அழுகல்களில் பெரும்பாலானவை ஜன்னலின் கீழ் மூலைகளில் தொடங்கியவை. ஜன்னல் அடிப்பலகை வெளிப்பக்கமாகச் சரிந்து, பூச்சைத் தாண்டி 4 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் அடியில் நீளவாக்கில் ஒரு காடி, அதாவது சிறு பள்ளக்கோடு, இழுங்கள். தண்ணீர் சுவரை நோக்கி ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். பலகைக்குக் கீழே ஒரு தகட்டை வைத்து, இரண்டு ஓரங்களையும் மேல்நோக்கி மடித்துவிடுங்கள். பலகையில் விரிசல் விட்டாலும் தகடு தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பூச்சு வேலைக்காரர் அவசரப்படுத்துவார், இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தண்ணீர்க் குழாயை வைக்கோலுக்குள் கொண்டுபோகாதீர்கள், உள்சுவர்களிலேயே முடித்துவிடுங்கள்.

ஜன்னலுக்குக் கீழே ஈரப்பத மீட்டரின் ஊசி நுழைய ஒரு மூடியுள்ள துளை விட்டுவையுங்கள். பெருமழைக்குப் பின் அளவு ஏறி, சில வாரங்களில் இறங்கினால் கவலையில்லை. இறங்காமலே நின்றால் அந்த இடத்துப் பூச்சைப் பெயர்த்து, கறுத்த வைக்கோலை எடுத்துவிட்டு, தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள். சுற்றிலும் நன்றாகக் காய்ந்த பின்பே புது வைக்கோலை இறுக்கி வைத்துப் பூசுங்கள்.